முத்துப்பல் சாமியின் டேபிள் ஃபேன்

"ஒண்ணு கேக்கணும் முத்து."

"கேளுங்க அத்தான்."

"கேப்பேன். முதல்ல உன் முன்பல்லுல இருக்க வெள்ளைப் புள்ளி போவட்டும். அது மாமியாருக்கு ஆவாதாம். அம்மா பயப்படுதா."

போன ஆவணியில் இப்படிச் சொல்லிவிட்டு மாரிராஜ் பஸ் ஏறினான். அத்தை மகன் என்ன கேட்கப்போகிறான் என்று முத்துராணிக்குத் தெரியும். அன்றிலிருந்து, வேலை பார்க்கும் எஸ்.டி.டி. பூத்தில் அவள் உதட்டை மூடியே சிரித்தாள். வீட்டில் கண்ணாடியே கதி.

அந்த நேரம் பார்த்து டவுணில் முத்துப்பல் சாமி வந்து இறங்கினார். பல்லில் வெள்ளைப் புள்ளி என்றால் நாக தோஷமாம். பாம்புக்கும் பல் இருக்கிறதே, அது போதாதா? ரதவீதியில் அல்வாவுக்கு நிற்பதை விட நீளமான வரிசை. ஆளுக்கொரு வெள்ளிப் பல் காணிக்கை. காலையில் உண்டியலில் விழுந்த பல், மாலையில் வாசல் கடையில் மறுபடி விலைக்கு இருக்கும். சாமியின் பற்கள் மட்டும் விழுந்து விழுந்து முளைத்தன.

ஊருக்குத் திரும்பி வந்திருந்த மகனையும் முத்துராணியையும் அத்தை இசக்கித்தாய் அங்கே இழுத்துக்கொண்டு போனாள்.

சீடன் பல்லைத் துணியால் துடைப்பான். டேபிள் ஃபேனுக்கு எதிரே இளித்தபடி உட்கார வேண்டும். சாமி மந்திரம் சொல்லச் சொல்லப் புள்ளி சுண்ணாம்பாய் வெளுக்கும். "தோஷம் வெளிய வருது பாருங்க" என்பார். பிறகு ஒரு வாய் தீர்த்தம். கொப்பளித்தால் புள்ளி மங்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

முத்துராணிக்கும் புள்ளி வெளுத்தது. சாமி செம்பை நீட்டினார்.

"வேண்டாம் சாமி. எங்கிட்ட தண்ணி இருக்கு."

"எந்தத் தலத்துத் தீர்த்தம்?"

"பூத்து பக்கத்துக் குழாயில பிடிச்சது."

கொப்பளித்தாள். புள்ளி அப்படியே மங்கியது.

"ஏட்டி, குழாய்க்கும் சக்தி உண்டோ?" என்றாள் அத்தை.

"பல்லு காஞ்சா புள்ளி தெரியும், நனைஞ்சா மங்கும் அத்தை. சளி பிடிச்சு வாயத் திறந்து தூங்குனா காலையில இப்படித்தான் இருக்கும். தினம் கண்ணாடியில பாக்கேன். சாமிக்கும் மேல்பல்லுல லேசா இருக்கு. ஃபேனைத் திருப்பிப் பாருங்க."

"நான் இன்னைக்கு மௌன விரதம்" என்று சாமி வாய் திறந்து சொன்னார்.

"விரதம் பேச்சுக்குத்தான வே, பல்லுக்கு இல்லையே" என்று வரிசையில் நின்ற ஓர் அண்ணாச்சி சீடனின் துணியைப் பிடுங்கிச் சாமியின் பல்லைத் துடைத்துவிட்டார். ஃபேன் சாமி பக்கம் திரும்பிச் சுற்றியது. சாமியின் முன்பற்களில் வெள்ளைத் திட்டுகள் ஒவ்வொன்றாய்ப் பூத்தன.

"சாமிக்கே தோஷமா? பாவம், எந்த மாமியாரோ" என்றார் அண்ணாச்சி. கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் சாமி கொல்லைப்புறமாகப் போய்விட்டார். சீடன் உண்டியலை மறக்கவில்லை.

"பொறவு இதுக்கு வைத்தியமே இல்லையாட்டி?"

"பல் டாக்டர்ட்ட கேட்டேன் அத்தை. வேணும்னா மெருகு போட்டுக் குறைக்கலாமாம். அது அழகுக்குத்தான், ஆளுக்கு ஒண்ணும் ஆவாதுன்னாரு."

மாரிராஜ் தொண்டையைச் செருமினான். "முத்து... அது வந்து... அம்மா என்ன சொல்லுதான்னு கேட்டுட்டு..."

முத்துராணி பல் தெரியச் சிரித்தாள். "ஊரு சொன்னத எல்லாம் கேட்டாச்சு அத்தான். இனி ஒங்க மூளைய வச்சு ஒரு நிமிசம் யோசிச்சுச் சொல்லுங்க. என்னையக் கட்டிக்கிடுதியளா?"