மாத்திரைக்கு மேலிட அனுமதி

இந்திய அரசாங்கத்தின் தாமதத்தால் உயிர் பிழைத்த ஒரே மனிதர் எங்கள் மாத்திரை அண்ணாச்சிதான். மற்றவர்களுக்கெல்லாம் அந்தத் தாமதத்தால் தலைவலி வந்தது. இவருக்குத் தலைவலி மாத்திரையே விட்டுப்போனது.

எழுபதுகளின் கடைசியில் நான் தில்லிக்குக் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தபோது அவர் எங்கள் செக்‌ஷனில் சூப்பரிண்டெண்டெண்ட். லக்ஷ்மிபாய் நகரில் அவருடைய குவார்ட்டர்ஸின் பின்னறையில்தான் எனக்கு ஜாகை. அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வாடகைக்கு ஆள் வைப்பது குற்றம். எனவே யாராவது கேட்டால் நான் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி. அவர் பேசுவது திருநெல்வேலி, நான் பேசுவது தஞ்சாவூர். விசாரிக்க வந்தவர்கள் இந்திக்காரர்களாக இருந்ததால் தப்பித்தோம்.

அண்ணாச்சிக்கு ஒற்றைத் தலைவலி. நிஜமான வலி, அதில் சந்தேகமே வேண்டாம். இடது கண்ணுக்கு மேலே ஆரம்பித்தால் வெளிச்சம் ஆகாது, குக்கர் சத்தம் ஆகாது, அவர் மனைவி, அதாவது மதினியின் வளையல் சத்தம்கூட ஆகாது. டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தாராளமாகக் கொடுத்தார்கள். முதலில் வலி வந்தால் ஒன்று போட்டிருக்கிறார். பிறகு வரும்போல இருந்தால் ஒன்று. நான் போய்ச் சேர்ந்த சமயத்தில், அண்டர் செக்ரட்டரி கூப்பிட்டால் ஒன்று, பஸ்ஸில் நிற்க வேண்டியிருந்தால் ஒன்று, உட்கார இடம் கிடைத்துவிட்டால் அந்தச் சந்தோஷத்தில் ஒன்று என்று ஆகியிருந்தது.

சட்டைப்பையில் மாத்திரை, டிபன் டப்பா மூடியில் மாத்திரை, ரேடியோவின் முதுகுக்குள் மாத்திரை. விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் மாத்திரையை நீட்டுவார். ஒருநாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் விலையைக் கேட்டு நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கையை எடுப்பதற்குள் உள்ளங்கையில் ஒரு மாத்திரை இருந்தது.

இதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. எங்கள் ஆபீஸில் ஒருவர் மூக்குப்பொடி போடாமல் கையெழுத்துப் போடமாட்டார். நான் காலைக் காபி குடிக்கிற வரைக்கும் மனுஷனே இல்லை. குடிகாரன் என்றால் சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வர வேண்டும், வாசலில் நின்று கத்த வேண்டும். அண்ணாச்சியோ நேராக நடந்து வந்து, செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டார்.

ஒருநாள் காலை பஸ் ஸ்டாப்பில் ரத்தமாக வாந்தி எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வயிற்றில் புண், சிறுநீரகமும் களைத்துவிட்டது, இனிமேல் இந்த மாத்திரையைத் தொட்டால் பென்ஷன் வாங்க ஆள் இருக்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேறொரு மிதமான மாத்திரை கொடுத்து, அதையும் தாங்கவே முடியாத நாளில் மட்டும் போடலாம் என்றார்.

மதினி வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்து, கிடைத்ததையெல்லாம் சாக்கடையில் கொட்டினார். அண்ணாச்சி முருகன் மேல் சத்தியம் செய்தார். அந்த வாரமே முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். சாமி படத்தை நகர்த்திப் பார்க்க மதினிக்குத் தோன்றியிருக்கவில்லை.

விஷயம் கீழ்வீட்டு எஸ்தர் சிஸ்டர் காதுக்குப் போனது. நாகர்கோவில்காரர், நர்ஸ், ஊசியை விடக் கூர்மையாகப் பேசுவார். வந்து நின்ற நிலையிலேயே சொன்னார்.

"அண்ணாச்சி, தலை நோவுதது நெசந்தான். ஆனா மாத்திரை திங்கது பழக்கமாக்கும். குடிக்கியவனுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் வாடை மட்டுந்தான்."

மறுநாள் ஆபீஸுக்குப் போகும் வழியில் அண்ணாச்சி என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"தம்பி, வலிக்குன்னு ஒண்ணுதான் போடுதேன். மத்ததெல்லாம் வலி வந்துருமோங்க பயத்துக்கு. வலிக்கு மருந்து இருக்கு, பயத்துக்கு என்ன செய்ய?"

பதிலை அவரே கண்டுபிடித்தார். முருகன் மேல் செய்த சத்தியத்தை மீற அவருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆனால் தன் உத்தியோக வாழ்க்கையில் ஒரு ஃபைலைக்கூட அவர் முறை தப்பி மேலே அனுப்பியதில்லை. மந்திரியே கேட்டாலும் படிப்படியாகத்தான் போகும். அந்த முறையை மாத்திரைக்கும் கொண்டு வந்துவிட்டார்.

டாக்டர் கொடுத்த மிதமான மாத்திரை இனி சிஸ்டர் வீட்டில் பூட்டிய டப்பாவில் இருக்கும். வேண்டுமென்றால் அண்ணாச்சி முதலில் கீழ்மட்டக் குமாஸ்தாவான என்னிடம் கேட்க வேண்டும். நான் தீர விசாரித்து மாடிவீட்டு சர்தார்ஜியிடம் அனுப்புவேன். சர்தார்ஜி வேறொரு இலாகாவில் செக்‌ஷன் ஆபீசர், அவர் சிபாரிசு செய்ய வேண்டும். அதன் பிறகு சிஸ்டர் அனுமதி தருவார். வரிசை தப்பினால் செல்லாது.

ஆபீஸில் எனக்கு மெமோ கொடுப்பவர் வீட்டில் என் முன்னால் கை கட்டி நின்றார். வலி எந்தப் பக்கம், எப்போது ஆரம்பித்தது, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று நான் கேள்விகளை அடுக்குவேன். ஆத்திரத்தில் பல்லைக் கடிப்பார். கடித்த பல்லோடு, "கேள்வியெல்லாம் சரியாத்தான் கேக்கே" என்று பாராட்டவும் செய்வார். பிறகு மாடிக்கு ஏறுவார். சர்தார்ஜி லஸ்ஸி கொடுத்து, பஞ்சாபில் கோதுமை விளைச்சல் பற்றிச் சாவகாசமாகப் பேசிவிட்டு, கடைசியில் 'கல் தேக்கேங்கே' என்பார். நாளைக்குப் பார்க்கலாம் என்கிற அந்த இரண்டு வார்த்தையில்தான் அன்றைக்கு ராஜாங்கமே ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கீழே இறங்குவதற்குள் பாதி நாட்களில் வலியே போயிருக்கும்.

ஒருமுறை சர்தார்ஜி யாரிடமும் பொறுப்பை ஒப்படைக்காமல் லூதியானாவுக்கு லீவில் போய்விட்டார். நாங்கள் பரிதாபப்பட்டு, நேராக சிஸ்டரிடமே போகலாம் என்றோம். அண்ணாச்சி கோபித்துக்கொண்டார். ஆபீசர் லீவில் இருக்கும்போது அவரைத் தாண்டிப் போவதா என்று, தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சர்தார்ஜி ஊர் திரும்பும்வரை காத்திருந்தார்.

இப்போது சிரிப்பாகச் சொல்கிறேன். அந்த ஆரம்ப வாரங்கள் சிரிப்பாக இல்லை. மாத்திரையை நிறுத்தியதும் வலி கூடத்தான் செய்தது. சட்டை வேர்வையில் நனைந்துபோகும். நாற்பத்தைந்து வயது மனிதர் அடுக்களை மூலையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுததை நான் பார்த்திருக்கிறேன். அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு மாடிப்படி ஏறுவார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

மெல்ல மெல்ல வலி வருவது குறைந்தது. பயமும் குறைந்ததா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. வெளியே அனல்காற்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பழைய வலி முழுசாக வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் நான் ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்பிவிட்டேன். சர்தார்ஜியும் கோதுமையைப் பற்றிப் பேசாமல், தோளைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தார். சிஸ்டர் டப்பாவைத் திறந்து மாத்திரையைக் கையில் வைத்தார். மதினி சொம்பில் தண்ணீரோடு நின்றார். தில்லி சரித்திரத்தில் ஒரு கோரிக்கை இவ்வளவு சீக்கிரம் நிறைவேறி யாரும் பார்த்ததில்லை.

அண்ணாச்சி மாத்திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை சிஸ்டர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"வலிக்கி சிஸ்டர். நல்லாவே வலிக்கி. ஆனா பயமா இல்ல. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும்."

"நெசமாட்டா அண்ணாச்சி?"

"நெசமாத்தான்."

சர்தார்ஜிக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் எல்லாம் புரிந்துவிட்டது. அண்ணாச்சியை அப்படியே இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அண்ணாச்சி ஒரு கையால் தலையையும் மறு கையால் வேட்டியையும் பிடித்துக்கொண்டு, வலியில் முனகியபடியே சிரித்தார். சிஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையிலிருந்த தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் மதினி தானே மடமடவென்று குடித்தார்.

அவரை அறையில் படுக்க வைத்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். துண்டை நனைத்து நெற்றியில் போட்டேன். அந்த வெயிலில் அது போட்ட சூட்டோடு காய்ந்தது, மறுபடி நனைத்துப் போட்டேன். அன்று சாயங்காலம் நண்பர்களோடு சினிமாவுக்குப் போவதாக இருந்தேன். அவருக்கும் அது தெரியும். கண்ணைத் திறக்காமலேயே, "நீ கெளம்பு தம்பி, ஒன் சோலியப் பாரு" என்றார்.

எனக்கு வேறு சோலி எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.