ஒரு நாளைக்கு ஆறு முட்டை

நான் பொறாமைக்காரி. நகைக்கும் காருக்கும் பொறாமைப்படுகிற ஆள் இல்லை; அடுத்தவர் வீட்டு வளவில் கத்தரி காய்த்தால்தான் எனக்கு நெஞ்சு எரியும்.

என் கணவரின் ராத்தா, அதாவது என் மதினி, இறக்காமத்தில் இருக்கிறா. பெரிய வளவு, பத்துக் கோழி, ஒரு பசு, வேலி நிறையப் பயிற்றங்கொடி. தினமும் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போடுவா. "இண்டைக்கு ரெண்டு பூசணி காய்ச்சிரிக்கி, அல்ஹம்துலில்லாஹ்." ஒருமுறை யானை புகுந்து வாழை முழுவதையும் மிதித்துவிட்டுப் போனது. அன்றைக்கும் வீடியோ: "கிணத்துக் கட்ட இடிக்காம விட்டுட்டுப் போயிரிக்கி, அல்ஹம்துலில்லாஹ்." (கல்முனையில் என் மணல் வளவுக்கு ஒரு ஆடுகூட எட்டிப் பார்த்ததில்லை. அந்த யானைக்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.)

என்னிடம் இருந்தவை மூன்று கோழிகள். இரண்டு மாதமாக ஒரு முட்டை இல்லை. தின்பதில் மட்டும் குறையில்லை. ஒருநாள் மதினி கூடை நிறைய முட்டையைக் காட்ட, என் விரல் தன்பாட்டில் எழுதிவிட்டது: "எங்கட கோழியும் ஒரு நாளைக்கு ஆறு முட்டை இடுது, அல்ஹம்துலில்லாஹ்."

வாசித்த என் கணவர் கண்ணாடியைக் கழற்றினார். "மூணு கோழி எப்பிடிப் புள்ள ஆறு முட்டை இடும்?"

"நல்ல சாதிக் கோழி," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை காலை மதினி தன் மகளோடு வாசலில் நின்றா. "அந்தக் கோழியப் பாக்கத்தான் வந்த," என்றா. மகளின் கையில் போன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

இருவரையும் முன்னறையில் இருத்திவிட்டுக் குசினிக்கு ஓடினேன். பிரிட்ஜில் ஒரு கோப்பையில் சரியாக ஆறு முட்டை. முந்தானையில் சுற்றி, பின்வாசலால் போய்க் கோழிக்கூட்டு வைக்கோலில் பரப்பினேன். மூன்று கோழிகளும் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை என்பதே இல்லை.

மதினி வந்து ஒன்றைக் கையில் எடுத்தா. "என்ன புள்ள, முட்டை குளிருது?"

"கடல் காத்து, மதினி."

அத்தோடு விட்டிருக்கலாம். "இருங்க, பொரிச்சுத் தாறன்," என்று வீரம் காட்டினேன். போனும் எங்களோடு குசினிக்கு வந்தது. தாச்சியில் எண்ணெய் காய்ந்தது. முட்டையை விளிம்பில் தட்டினேன். ஒன்றும் ஒழுகவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். ஓடு உதிர்ந்து, வழுவழுவென்று வெள்ளையாக ஒரு முழு முட்டை தாச்சிக்குள் உருண்டது.

குசினி வாசலில் நின்ற என் கணவர் சொன்னார்: "அது டொக்டர் என்னத் திங்கச் சொன்ன முட்டை. ராவே அவிச்சு வெச்சிட்டன்."

மதினி தாச்சியைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. பிறகு மெதுவாக, "அவிச்சே இடுது, கேஸும் மிச்சம், அல்ஹம்துலில்லாஹ்," என்றா.

அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மதினி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

"எண்ட கோழியும் ஒரு மாசமா இடுறல்ல, புள்ள. அந்தக் கூடை முட்டை பழைய வீடியோ. நீ கோழிக்கு என்ன தீன் போடுறாய் எண்டு கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்த."

"அப்ப தினமும் அல்ஹம்துலில்லாஹ் சொல்றீங்களே, மதினி?"

"மனசு சரியில்லாத நாள்லதான் வீடியோ எடுக்கிற. சொல்லச் சொல்லக் கொஞ்சம் லேசாகும்."

ஆறு முட்டையையும் உப்பும் மிளகும் தூவி நாலு பேரும் தின்றோம். இரண்டு மாதத்தில் என் வளவில் நான் மனம் நிறைந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

போகும்போது, "இதக் குழுவில போடட்டா?" என்று மதினி கேட்டா. வெட்கம் கெட்டபின் என்ன, ஓம் என்றேன்.

இன்றைக்கும் எங்கள் குடும்பக் கலியாணத்தில் பிரியாணிக்குள் அவித்த முட்டை தெரிந்தால், "இது கல்முனைக் கோழி இட்டதா?" என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்: அந்த வீடியோவுக்கு மதினிக்கு வந்து குவிந்த இதயக் குறிகள். கோழி என்னுடையது, தாச்சி என்னுடையது, அவமானமும் என்னுடையது. அதன் கீழே "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுதிய எனக்கு வந்தது ஒரே ஒரு குறி. அதையும் போட்டது மதினி.