கை காட்டினால் நிற்கும்

ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். மணலைத் தவிர வேறெதுவும் இல்லாத அந்தச் சாலையில் ஒரு பெண்மணி இரண்டு ஆடுகளுடன் கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எதுக்கு நிறுத்துறீங்க?" என்றாள் மனைவி.

"கை காட்டுறாங்களே!"

"இது உங்க டவுன் பஸ் இல்ல. வாடகை வேன். நாம சுத்திப் பார்க்க வந்திருக்கோம்."

மூளைக்குப் புரிந்தது. பாதி ஆயுள் பஸ் ஓட்டிய காலுக்குத்தான் புரியவில்லை. கை காட்டினால் நிற்கும். "ரைட்" சொன்னால்தான் கிளம்பும். ஆடுகள் ஏறிய பிறகும் அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார். மனைவி வீம்பாக வாயை மூடிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே பொறுக்க முடியாமல், "ரைட்!" என்று கத்தினாள்.

குகைச் சுவரில் இருக்கும் பழங்கால ஓவியங்களைப் பார்க்க வேண்டுமென்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பொழுது சாய்ந்தால் குகையைப் பூட்டிவிடுவார்கள். மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டும். "என் கார்ல வாம்மா. மாப்பிள்ளையை நம்பினா குகை வாசலைக்கூடப் பார்க்க மாட்டே" என்று அவள் அண்ணன் காலையில் எவ்வளவோ சொன்னான். "என் வீட்டுக்காரர் கூட்டிட்டுப் போவார்" என்று வேனில் ஏறியவள் அவள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியாக வேண்டும். அண்ணனின் வெள்ளைக் காரோ எப்போதோ புழுதி கிளப்பிக்கொண்டு பறந்துவிட்டது.

பின்னால் ஏதோ மெல்லும் சத்தம் கேட்டது. ஆடு வழி வரைபடத்தைத் தின்று முடித்திருந்தது. போனிலும் சிக்னல் இல்லை.

"குகை எந்தப் பக்கம்?"

"ஆட்டையே கேளுங்க."

ஆட்டுக்காரியை இறக்கிவிட்டு, வழி கேட்பதற்காகவே ஒட்டக வியாபாரி ஒருவரை ஏற்றிக்கொண்டார்கள். "குறுக்கு வழி இருக்கு, என் வீட்டைத் தாண்டித்தான்" என்றார் அவர். வீடு வந்தது. அதைத் தாண்டி வழி இல்லை. வண்டியைத் திருப்பினால் சக்கரம் மணலில் புதைந்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் இன்னும் புதைந்தது. வியாபாரி வீட்டு வாசலில் நின்ற தன் ஒட்டகத்தைக் கயிற்றால் வேனோடு பூட்டினார். அதுவும் அசையவில்லை. மனைவி தலையில் அடித்துக்கொண்டு, "ரைட்!" என்றாள். ஒட்டகம் இழுத்தது.

மெயின் ரோட்டுக்கு வந்தபோது வெயில் தணியத் தொடங்கியிருந்தது. ஓரமாகக் காக்கிச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"இப்ப நிறுத்தினீங்கன்னா நடக்கிறதே வேற!"

வண்டி நின்றது.

"எங்க பெரியவரே போகணும்?"

"கடைசி வரைக்கும்" என்று மூச்சு வாங்கச் சொன்னவர், உட்கார்ந்த மாத்திரத்தில் குறட்டை விட ஆரம்பித்தார். மனைவி அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் ஓட்டுநருக்குப் பயமாக இருந்தது.

குகையின் இரும்புக் கதவில் பூட்டு தொங்கியது. வாசலில் பெருங்கூட்டம். அண்ணன் முகம் கறுத்துப் போய் ஒரு பாறையில் சாய்ந்திருந்தான்.

"பூட்டிட்டாங்க" என்றாள் மனைவி. கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிடும்மா. என் காலை வெட்டித்தான் போடணும்" என்றார் ஓட்டுநர்.

அப்போது பெரியவர் கொட்டாவி விட்டபடி வேனிலிருந்து இறங்கினார். கூட்டம் கைதட்டியது, யாரோ விசிலடித்தார்கள். ஓட்டுநர் திருதிருவென்று விழித்தார். பெரியவர் நேராகக் கதவிடம் போய், இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார்.

"முதல் ஆளா நீங்க வாங்கம்மா."

மனைவி மகாராணி மாதிரி படியேறினாள். திரும்பிக் கணவரைப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "ரைட்!" என்றாள். அவர் கிளம்பினார்.

பின்னாலேயே நுழையப் பார்த்த அண்ணனைப் பெரியவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"காலையில கதவைத் திறக்க வர்ற வழியில சைக்கிள் பஞ்சராகி அவ்வளவு கை காட்டினேன், நிக்காம பறந்த வெள்ளைக் கார் உங்களோடதுதானே தம்பி?"