மாமாவைத் துப்பிய பிரிண்டர்

காலை பத்து மணி, நாற்பது கல்யாணக் கார்டு, குகன். அன்றைய வேலை இவ்வளவுதான்.

குகன், பதுளை பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர். என் தங்கச்சி கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பெயர்களை அவருடைய டேட்டாபேஸில் ஏற்றியாயிற்று. ஸ்டிக்கரில் அடித்து உறையில் ஒட்ட வேண்டும். சொந்தக்காரர்கள் அசந்துபோவார்கள் என்று எனக்குள் ஒரே பெருமை!

பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டே அடித்தது. அப்போது பூனாகலையிலிருந்து தாய்மாமா வந்து நின்றார். பெயர் லக்ஷ்மணன். மணவறையில் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவர். அவர் முறைத்துக்கொண்டால் கல்யாணம் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

"என் பேரை அடிக்கச் சொல்லு மாப்ள, பாப்போம்!"

பிரிண்டர் 'ல' என்று அடித்தது. சட்டென்று முழுத் தாளையும் வெளியே தள்ளியது. அடுத்த தாளில் 'மணன்'.

"என்னடா, பாதியில துப்புது?"

மறுபடி அடித்தோம். மறுபடி துப்பியது!

"சரி, ஒங்க அத்தை பேரைப் போடு."

அத்தை பெயர் மீனாக்ஷி. 'மீனா' வரை வந்தது. பிறகு, பீப்!

"ஓகோ! என்னையத் துப்புது, ஒங்க அத்தையப் பாத்து விசிலடிக்குதா?"

"ஐயோ மாமா, மத்தவங்க பேரெல்லாம் ஒழுங்காத்தான் வந்துச்சு!"

"அதைத்தான்டா நானும் கேக்குறேன்!"

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. குகன் தலையைச் சொறிந்தார்.

"அண்ணை, டேட்டாபேஸ் எழுத்தை வைக்கிறேல்ல, எழுத்துக்கொரு நம்பரைத்தான் வைக்குது. இந்தப் பேரில வாற ஒரு நம்பர் தமிழ் ஃபொன்டுக்கு 'க்ஷ்'. பிரிண்டருக்கு அது எழுத்தே இல்லை, தாளை வெளிய தள்ளு எண்ட கட்டளை. 'க்ஷ' எண்டால் மணி அடி எண்ட கட்டளை."

நான் மாமாவுக்கு எளிமையாக விளக்கினேன்: "ஒங்க பேருக்குள்ளயே 'வெளிய போ'ன்னு ஒரு கட்டளை இருக்கு மாமா."

விளக்காமலே இருந்திருக்கலாம்.

மாமா குடையை எடுத்தார். "போறேன். மாலையை இந்த மிஷினையே எடுத்துக் குடுக்கச் சொல்லு!"

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். குகனின் பேனாவைப் பிடுங்கி, ஓர் உறையில் இருவர் பெயரையும் எழுதி, இரண்டு கையாலும் நீட்டினேன்.

மாமா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் மிஷினு, எனக்கு மட்டும் கைப்பட எழுதுனதா? அப்படிப் போடு மாப்ள!"

பூனாகலை பஸ்ஸில் அந்த உறையை எல்லாருக்கும் காட்டிக்கொண்டே போயிருக்கிறார். அதே பஸ்ஸில் சித்தப்பா. மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அவருக்குக் கையெழுத்து, எனக்கு ஸ்டிக்கரா?"

2003 ஆவணியில் தங்கச்சி கல்யாணம் நடந்தது. எல்லா உறைகளும் கையால் எழுதப்பட்டவை.