சந்தேகத்துக்கு இடமளிக்கும் இத்தாலியன்

தமிழ்நாட்டின் மொழிக்கல்வி வரலாறு எழுதப்படுமானால், அது தென்காசி–குற்றாலம் சாலையில், சிப்ஸ் கடை மாடியில் நான் நடத்தும் ‘ரோமாபுரி அகாடமி’யிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும். இத்தாலிக்குப் போகும் நர்சுகள் இங்கேதான் உருவாகிறார்கள்.

மற்ற மையங்கள் ‘நான் வருகிறேன்’, ‘நீ போகிறாய்’ என்று சில்லறை வாக்கியங்களை நடத்துகின்றன. எங்களிடம் முதல் வகுப்பே ‘கொஞ்சுன்தீவோ’ என்னும் இத்தாலிய ஐயவினை. நம்புகிறேன், சந்தேகப்படுகிறேன், அஞ்சுகிறேன் என்று ஆரம்பித்தால், பின்னால் வரும் வினைச்சொல் பணிவாக உருமாறிக்கொள்ளும். எதையும் அடித்துச் சொல்லாத உயர்ந்த நாகரிகம் அது. ‘டாக்டர் வருகிறார்’ என்பதில் என்ன பண்பாடு இருக்கிறது? ‘ஸ்பேரோ கே இல் மேதிகோ அர்ரீவி’ என்று பாருங்கள். டாக்டர் வரக்கூடும் என நம்புகிறேன்! அந்த ‘அர்ரீவி’ மட்டும் குற்றாலத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று ஒட்டிக்கொண்டது.

நிர்வாகத்துக்கும் இந்தப் பயிற்றுமுறை பெரிதும் கைகொடுத்தது. பாவூர்சத்திரத்து எப்சிபா, தென்காசியில் பார்த்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டு எங்களிடம் சேர்ந்தவள்.

“சார், நிசமாவே வேலை கெடைக்குமா?”

“ஸ்பேரோ, நம்புகிறேன்,” என்றேன் கம்பீரமாக.

“நீங்க இத்தாலிக்குப் போயிருக்கியளா சார்?”

“போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.”

ஒருநாள் இத்தாலி ஆஸ்பத்திரி ஒன்று வீடியோவில் அவளை நேர்காணல் செய்தது. நான் பக்கத்தில் நின்று மொழிவளத்தை ரசித்தேன்.

“நீங்கள் நர்ஸா?”

“நர்ஸாக இருக்கக்கூடும் என நினைக்கிறேன்.”

“நோயாளிக்கு மூச்சு நின்றுவிட்டால்?”

“மூச்சு விடுவார் என நம்புகிறேன்.”

“மருந்து மாறிவிட்டால்?”

“செத்துவிடுவாரோ என அஞ்சுகிறேன்.”

ஒரு பிழைகூட இல்லை. என் கண் கலங்கிவிட்டது. இத்தாலிக்காரி இணைப்பைத் துண்டித்தாள். பாராட்ட வார்த்தை கிடைத்திருக்காது.

“போச்சே சார்! இருந்த வேலையையும் விட்டுட்டு வந்தேனே!” என்று எப்சிபா அழுதாள்.

“வேலை போனாலும் மொழி தங்கும்,” என்று தேற்றினேன். பழைய ஆஸ்பத்திரியிலேயே, தன் ஜூனியர்களுக்குக் கீழே, அவள் மறுபடி சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

சாரல் ஆரம்பித்தது. அகாடமியின் ‘வெற்றி விழா’வை முன்னிட்டு மெயின் அருவிக்குக் குளிக்கப்போன நான், பாசியில் வழுக்கி விழுந்தேன். ஆட்டோக்காரர் தூக்கிக்கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில், என் கட்டிலருகே எப்சிபா நின்றாள்.

“காலு ஒடிஞ்சிருக்காம்மா?”

“ஒடிஞ்சிருக்காதுன்னு நம்புதேன் சார்.”

“டாக்டர் வருதாரா?”

“ஸ்பேரோ கே இல் மேதிகோ அர்ரீவி.”

உச்சரிப்பு அப்பழுக்கற்றது. அந்த வலியிலும் பெருமைப்பட்டேன். ஆனால் கால் வீங்கிக்கொண்டே போனது.

“ஏட்டி, உயிர் போவுது! எதையாவது நேராச் சொல்லு!”

அவள் நிதானமாகச் சிரிஞ்சில் மருந்தை ஏற்றினாள்.

“நேராச் சொல்ல நீங்க கத்துக் குடுக்கவே இல்லியே, சார்.”