எலுமிச்சை நிறத்தில் ஒரு கதாநாயகி

தமிழ் மன்றத்தின் 1996ஆம் வருடப் பொங்கல் மலர் அச்சேறப் போகும் நேரத்தில்தான் பதிப்பாசிரியர் சிவசங்கரனுக்கு அந்த வார்த்தை உறுத்தியது. முதல் கதையின் முதல் வரி: 'அவள் கருப்பு.'

எழுதியவர் தமயந்தி, கோலார் தங்கவயலில் டீச்சர். நிறத்தைக் காரணம் சொல்லிப் பெண் பார்க்க வந்தவன் வேண்டாம் என்று போய்விடுகிற கதை.

"பொங்கலும் அதுவுமா கருப்பு எதுக்கு? எலுமிச்சை நிறம்னு போடுங்க."

ஸ்ரீராம்புரம் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் ஜெயவேலு அப்படியே போட்டார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"செவப்பா இருக்கற பொண்ண எதுக்கு சார் அவன் வேணாங்கறான்?"

சிவசங்கரன் யோசித்தார். "லேசா கால் நொண்டுவாள்னு சேர்த்துக்குங்க."

"ரெண்டாம் பக்கத்துல ஓடற பஸ்ஸைத் துரத்திப் புடிக்கறாளே?"

"சரி, மாறுகண்."

"கடைசில ஒரே தடவைல ஊசிக்கு நூல் கோக்கறா சார். சும்னே எதுக்கு வம்பு, மாப்பிள்ளைய லூசாக்கிடலாமா?"

"அவனைத் தொடாதீங்க. கதையிலயே அவன் ஒருத்தன்தான் நிஜ மனுஷன் மாதிரி வந்திருக்கான். பொண்ணு மூல நட்சத்திரம்னு போடுங்க. முடிஞ்சுது."

வரியில் இடம் போதவில்லை. ஜெயவேலு நட்சத்திரத்தை எடுத்துவிட்டார். 'பெண்ணுக்கு மூலம்' என்று ஆயிரம் பிரதிகள் அச்சாகி வந்தன.

வெளியீட்டு விழாவில் யாரோ அதை உரக்கப் படிக்க, மண்டபமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. நாற்பதைத் தாண்டிய வயது. நல்ல கருப்பு. மலரை மூடி மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டிருந்தார்.

அச்சகத்தில் உட்கார்ந்து தான் அடித்துத் திருத்தியது இவரைத்தான் என்று சிவசங்கரனுக்கு உறைத்தது.

கூட்டம் கலைந்ததும் கிட்டே போனார்.

"தமயந்தி டீச்சர்தானே? மன்னிச்சுக்கம்மா. உங்க சொந்தக் கதைன்னு தெரியாமப் போச்சு."

"பரவால்ல சார்."

"இல்லம்மா, பெரிய தப்பு. அந்த முதல் வரியத் தொட எனக்கு என்ன உரிமை இருக்கு?" அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. "ஒரு பொண்ணை மூஞ்சிக்கு நேரா கருப்புன்னு சொல்லிட்டுப் போனானே, அவனை அன்னிக்கே செருப்பால அடிச்சிருக்கணும்."

"எங்கம்மா எடுத்துக்கிட்டுத்தான் வந்தாங்க சார்," என்றார் தமயந்தி. "அதுக்குள்ள நீங்க ரயில் ஏறிட்டீங்க."