வல்லிபுரத்தின் முழங்கால் வருத்தம்

பாரிசுக்கு வந்து பத்தொன்பது வருடத்தில் வல்லிபுரம் ஒரு அருங்காட்சியகத்துக்குள்ளும் கால் வைத்ததில்லை. அதை ஒரு விரதம் போலவே காத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை செய்யும் ரெஸ்ரோரண்டுக்கு லீவு. லீவு என்றால் ரூ காய் தெருவில் யசோதரனின் அறை, நாலு பேர், முந்நூற்றி நாலு. அந்தச் சீட்டாட்டத்தில் ஒருவர் வராவிட்டால் மற்ற மூன்று பேரும் முகட்டைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அந்த ஞாயிறு மனைவி மனோரஞ்சிதம் காலையிலேயே உடுத்தி ஆயத்தமாக நின்றாள்.

"இண்டைக்கு மாசத்தில முதல் ஞாயிறு. மியூசேக்குச் சும்மா விடுறாங்கள். வெளிக்கிடுங்கோ."

"சும்மா விட்டாப் போகோணுமே?"

"காசு கேட்டா மட்டும் கூட்டிக்கொண்டு போயிருப்பியளோ?"

வல்லிபுரம் மூளையைக் கசக்கினார். வாசல் வரை போவது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு வாங்கில் உட்காருவது. அவள் உள்ளே போனதும் நழுவி மெட்ரோ பிடிப்பது. அவள் பார்த்து முடிப்பதற்குள் நாலு ஆட்டம் போட்டுவிட்டுத் திரும்பி வந்து அதே வாங்கில் முனகுவது. தன் கெட்டித்தனத்தை நினைக்க அவருக்கே மெய்சிலிர்த்தது.

மியூசே வாசலைத் தாண்டியதும் ஆரம்பித்தார்.

"ஐயோ, முழங்கால்!"

"எந்தக் கால்?"

"வலது... ரெண்டும்தான். நீ போய்ப் பார். நான் இந்த வாங்கில இருக்கிறன்."

"உங்களை இப்பிடி விட்டிட்டு எனக்கென்ன மியூசே வேண்டிக்கிடக்கு? உங்கட கார்த்தைத் தாங்கோ."

"ஏன்?"

"தாங்கோவன்!"

வதிவிட அட்டையோடு போனவள் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சும்மாதான் தருகினம். கார்த் அங்கை இருக்கும். கதிரையைத் திருப்பிக் குடுத்தாத்தான் கிடைக்கும்."

கார்த் சட்டைப்பையில் இல்லாமல் குப்பை கொட்டக்கூடக் கீழே இறங்காத மனுசன் அவர். கார்த் இல்லாமல் மெட்ரோவா? ஏறி உட்கார்ந்தார்.

பிறகென்ன, சாமி ஊர்வலம்தான். ராசாக்கள் மண்டபம், கோப்பை மண்டபம், தலையில்லாத சிலைகள் மண்டபம். சனம் விலகி வழிவிட்டது. மனோரஞ்சிதம் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று நின்று பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை அவர் கலியாணத்தன்றுகூடக் கண்டதில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மணி மூன்றாகிக்கொண்டிருந்தது.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள்.

"ஓம் தம்பி யசோதரன். அவருக்கு நடக்கேலாமப் போச்சு. ஓம், ரெண்டு காலும்தான். கதிரையில வச்சுத் தள்ளிக்கொண்டு திரியிறன்."

நம் சனத்திடம் இந்தக் கதையைச் சொன்னால் சும்மா இருப்பார்களா? கார்த்தை மீட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி வீடு வந்து சேர்ந்தபோது, வருத்தம் பார்க்க சீட்டுக் கூட்டாளிகள் மூன்று பேரும் கதவடியில் நின்றார்கள். லாசர் கையில் திராட்சை. சிவதர்சன் கையில் தோடம்பழம். யசோதரன் கையில் சீட்டுக்கட்டு.

வல்லிபுரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வாங்கோ, வாங்கோ! இஞ்சையே விளையாடுவம்!"

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள் மனோரஞ்சிதம். "போய்க் காலை நீட்டிப் படுங்கோ. மடக்கினா இன்னும் கூடும்."

"ஓம் அண்ணை, முழங்கால் பகிடியில்லை" என்றான் யசோதரன். "ஆனா நாலாவது ஆள்?"

"நான் இருக்கிறன். முந்தி இஞ்சை விளையாடேக்க எத்தினை வருசம் தேத்தண்ணி ஊத்தினனான்! ஆர் ஆருக்குக் கண் காட்டுறவர் எண்டது வரைக்கும் எனக்குத் தெரியும்."

வல்லிபுரம் அறைக்குள் படுத்து முகட்டைப் பார்த்தார். வெளியே சீட்டு விழுகிற சத்தம். சிரிப்பு. "அக்கா, விளாசுறியள்!" என்று லாசரின் குரல். அரைமணி நேரம் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. வெட்கத்தை விட்டு, நொண்டாமல், விறுவிறு என்று அறைக் கதவடிக்கு நடந்து வந்தார்.

"இஞ்சேர், எனக்கு முழுக்கச் சுகம்!"

மனோரஞ்சிதம் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவசரப்பட்டுச் சுகமாகாதேங்கோ. எனக்கு இப்பதான் நல்ல சீட்டு விழுந்திருக்கு."